கவுத்து வெச்சும் ஏன் கொட்டல? – வாசகர் கேள்வி பதில்

பினாங்குல உக்காந்துக்கிட்டு ஹீட்டர் பத்தி எழுதறேன்னு வீட்ல சிரிக்கறாங்க. வெளியில 33 டிகிரி, ஃபேன் மூணாம் நம்பர்ல சுத்துது, சட்டை முதுகுல ஒட்டுது. ஆனா இந்த மாசம் வாட்ஸ்அப்ல வந்த கேள்வில பாதிக்கு மேல மண்ணெண்ணெ சம்பந்தமாவே இருக்கு. சின்ன வயசுல கடைத்தெரு பக்கம் எங்க மாமா வெச்சிருந்த அடுப்பு, கேஸ் லைட் ரிப்பேர் கடையில ஏழெட்டு வருஷம் கை கறுத்தவன் நான், அதனால இந்த தடவ ஏசி, ஃபிரிட்ஜ் கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: ஐயா, என் மகன் ஜப்பான்ல செண்டாய்ல வேல பாக்கறான். போன வாரம் வீடியோ கால்ல பேசிக்கிட்டே ரூம்ல இருந்த மண்ணெண்ணெ ஹீட்டர்லேருந்து ஒரு தகர டப்பாவ உருவி எடுத்தான், எண்ணெ ஊத்தினான், மூடினான், அப்படியே தலைகீழா கவுத்து உள்ள எறக்கிட்டான். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. கொஞ்ச நேரத்துல குளுக் குளுக்னு சத்தம் வேற. மூடி கீழ பாத்துக்கிட்டு இருக்கும்போது எண்ணெ எப்படி கொட்டாம நிக்குது? நேரா வெச்சாதான் என்ன?
– புக்கிட் மெர்தாஜாம் வாசகி

பதில்: அம்மா, பயத்த கொஞ்சம் ஓரமா வைங்க. கடைசில நானே அத திருப்பி தர்றேன், ஏன்னா நீங்க பயப்பட வேண்டிய எடம் ஒண்ணு நெசமாவே இருக்கு, ஆனா அது நீங்க நெனைக்கற எடம் இல்ல.

கோழி வளத்திருக்கீங்களா? கோழிக்கு தண்ணி வைக்கற பாட்டில் ஒண்ணு வரும், தண்ணிய ரொப்பி ஒரு தட்டு மேல கவுத்து வெச்சிடுவோம். தட்டுல கொஞ்சம் தண்ணி வந்து நின்னுடும். கோழி குடிக்கக் குடிக்க ஒரு குமிழ் மேல போகும், கொஞ்சம் தண்ணி கீழ வரும், மறுபடி நின்னுடும். உங்க மகன் ஹீட்டர்ல இருக்கறது அச்சு அசல் அதேதான். கோழிக்கு பதிலா திரி குடிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்பிக்கை வரலன்னா இப்பவே அடுக்களையில செஞ்சு பாருங்க. காலியான ரோஸ் சிரப் பாட்டில், கொஞ்சம் கெட்டியான பிளாஸ்டிக்கா இருக்கணும். ஒரு சூப் தட்டு, ஆறு இருவது காசு. காச ரெண்டு ரெண்டா அடுக்கி தட்டுல மூணு எடத்துல வைங்க, பாட்டில் வாய் அது மேல உக்காரணும். பாட்டில் நெறைய தண்ணி புடிச்சு வாய கட்டை விரலால அடைச்சுக்கிட்டு கவுத்து வெச்சு விரல எடுங்க. தண்ணி வரும், தட்டுல ஏறும், பாட்டில் வாய் தண்ணிக்குள்ள முங்கின நிமிஷம் நின்னுடும். உள்ள அவ்வளவு தண்ணி இருக்கு, ஒரு சொட்டு எறங்காது. இப்போ தட்டுல இருக்கற தண்ணிய ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க, வாய் லேசா வெளிய தெரிஞ்சதும் குளுக்னு ஒரு குமிழ் ஏறும், எறங்கின தண்ணி மறுபடி வாய மூடும், நின்னுடும். உங்க காதுல விழுந்த சத்தம் இதான் அம்மா.

ஏன் நிக்குதுன்னா, தண்ணி கீழ எறங்கணும்னா அது விட்டுட்டு போற எடத்துக்கு காத்து வரணும். வாய் தண்ணில முங்கிட்டதால காத்து உள்ள வர வழி இல்ல. தட்டுல இருக்கற தண்ணிய வெளிக்காத்து அமுக்கிக்கிட்டே இருக்கு, அந்த அமுக்கல்தான் பாட்டில்ல இருக்கறத தாங்கிப் புடிக்குது. வெளிக்காத்துக்கு பத்து மீட்டர் ஒசர தண்ணிய தாங்கற பலம் உண்டு, மண்ணெண்ணெ தண்ணிய விட லேசு, அதனால 12 மீட்டருக்கு மேலயே தாங்கும், ஹீட்டர் டேங்க் எவ்வளவு ஒசரம், ஒரு அடி இருக்குமா, காத்துக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

கடைசியா ஒண்ணு செய்ங்க, ஊசிய சூடு பண்ணி பாட்டிலோட மேல் பக்கத்துல ஒரே ஒரு ஓட்டை போடுங்க. அவ்வளவுதான், தட்டு ரொம்பி மேசையெல்லாம் தண்ணி. துணி கையில வெச்சுக்கிட்டு செய்ங்க. ஹீட்டர்ல எண்ணெ வழியறதுக்கு இந்த மாதிரி ஊசி ஓட்டையும் ஒரு காரணம், அத பின்னாடி சொல்றேன்.

ஹீட்டர்ல அந்த தட்டுக்கு பதிலா அடியில ஒரு சின்ன தொட்டி இருக்கும். டப்பா மூடியோட நடுவுல ஸ்பிரிங் வெச்ச வால்வு. கையில தூக்கும்போது ஸ்பிரிங் அத அடைச்சு வெச்சிருக்கும், அதான் கவுத்து எடுத்துட்டு போனாலும் ஒழுகாது. உள்ள எறக்கும்போது தொட்டில நட்டுக்கிட்டு நிக்கற ஒரு முள்ளு வால்வ மேல தள்ளி தொறந்து விடும். எறங்கற எடத்துல ஒரு சல்லடையும் இருக்கும், குப்பை சத்தைய அது புடிச்சுக்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, அளக்கற ஆளும் கிடையாது, ஆனா தொட்டில எண்ணெ மட்டம் கடைசி சொட்டு வரைக்கும் ஒரே மாதிரி நிக்கும்.

ஏன் ஒரே மட்டத்துல நிக்கணும், அதான் உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில். எண்ணெய மேல தூக்கறது திரி. வேட்டி நுனி வாளித் தண்ணில பட்டா ஈரம் தானா முழங்கால் பக்கம் ஏறி வருதுல்ல, அதே மாதிரிதான் திரில எண்ணெ ஏறுது, ஆனா ஏற ஏற வேகம் கொறஞ்சிடும். எண்ணெ மட்டம் நாலு இஞ்சு எறங்கிட்டா மேல வந்து சேர்றது பத்தாது, நெருப்பு சுருங்கும், எண்ணெ கெடைக்காத திரி தன்னையே பொசுக்கிக்கும். எரியறது திரி இல்ல, திரி நுனில எண்ணெ ஆவியாகுது பாருங்க, அந்த ஆவிதான் எரியுது, எண்ணெ ஓடிக்கிட்டே இருந்தாதான் திரி பொழைக்கும். டப்பாவ ஒசரமா நேரா வெச்சு அதுக்குள்ளயே திரிய விட்டா காலைல கொழுந்து விட்டு எரியும், சாயங்காலம் அழுது வடியும். அரிக்கேன் லைட் அடிப்பக்கம் ஏன் அப்படி தட்டையா அகலமா இருக்குன்னு எப்பவாவது யோசிச்சீங்களா? இதே காரணம்தான், அகலமா இருந்தா எண்ணெ தீரத் தீர மட்டம் அதிகமா எறங்காது. ஹீட்டர் மணிக்கணக்கா எரியற சாமான், அதுக்கு அஞ்சு லிட்டர் வேணும், அஞ்சு லிட்டர தட்டையா வெச்சா ஹீட்டர் ஊஞ்சப்பலகை அளவுக்கு போயிடும், அதனால கவுத்தாங்க.

திரி எவ்வளவு குடிக்குதுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்ல ஏறக்கொறைய 10 யூனிட் கரண்ட்டுக்கு சமமான சூடு இருக்கு. உங்க மகன் வெச்சிருக்கற மாதிரி ரூம் ஹீட்டர் 2.5 கிலோவாட் இருக்கும்னா மணிக்கு கால் லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல. அந்த ஒரு டீஸ்பூன்லதான் ரூம் பூரா சூடாவுது. அஞ்சு லிட்டர் டேங்க் இருவது மணி நேரம் வரும்.

இப்போ அந்த பயத்த திருப்பித் தர்றேன். மகன் எண்ணெ ஊத்தும்போது ஹீட்டர அணைச்சிருந்தானான்னு கேளுங்க. மூடி சரியா பூட்டாம கவுத்தா ஸ்பிரிங் வால்வு எல்லாம் ஒண்ணும் செய்ய முடியாது, மூடியே கழண்டு எண்ணெ மொத்தமும் கொதிக்கற ஹீட்டர் மேலதான் விழும். ஜப்பான்ல இந்த மாதிரி தீ விபத்து நெறைய நடந்துதான் 2009ல சட்டம் கொண்டு வந்து, 2011 ஏப்ரல்லேருந்து பிஎஸ்சிங்கற பாதுகாப்பு முத்திரை இல்லாத மண்ணெண்ணெ ஹீட்டர் விக்கக் கூடாதுன்னு ஆக்கினாங்க. புது மாடல்ல டேங்க தூக்கினாலே தானா அணையும், மூடி பூட்டினா டிக்னு ஒரு சத்தம் இல்ல கைக்கு ஒரு உணர்வு வரும். மகன் பழசா எங்கயாவது ரெண்டாம் கைல வாங்கியிருந்தா அதெல்லாம் இருக்காது. அணைக்கணும், டேங்க எடுத்துக்கிட்டு தள்ளிப் போய் ஊத்தணும், மூடி பேப்பர் மேல கவுத்து புடிச்சு ஒரு பத்து எண்ணணும், சொட்டலன்னா உள்ள வைக்கலாம். இத மட்டும் அவன் செஞ்சா போதும்.

ரெண்டாவது, அந்த ஊசி ஓட்டை. டேங்க் துரு புடிச்சு மேல் பக்கத்துல கண்ணுக்கே தெரியாத ஓட்டை விழுந்தாலும் காத்து உள்ள போயிடும், தொட்டி ரொம்பி வழியும். மூணாவதா ஒண்ணு இருக்கு, இத நெறைய பேர் கவனிக்கறதில்ல. பால்கனி குளிர்ல கெடந்த டேங்க, பாதி காலியா இருக்கும்போது, சூடான ரூமுக்கு கொண்டு வந்து மாட்டினா உள்ள இருக்கற காத்து விரியும். 5 டிகிரிலேருந்து 25 டிகிரிக்கு வந்தா மூணு லிட்டர் காத்து ஏறக்கொறைய 200 மில்லி விரியும், ஒரு கோப்பை எண்ணெய கீழ தள்ளிடும். தொட்டில அதுக்குன்னு கொஞ்சம் எடம் விட்டுத்தான் செய்வாங்க, ஆனா வெயில்லயோ இன்னொரு ஹீட்டர் பக்கத்துலயோ வெச்சா அந்த எடமும் பத்தாது.

ஜன்னல மணிக்கு ஒண்ணு ரெண்டு தடவ, ஒரு நிமிஷமாவது தொறந்து விடச் சொல்லுங்க, தூங்கும்போது அணைச்சிடணும், எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு வாசன கெடையாது. கண்ணாடி ஜன்னல்ல தண்ணி வழியுதுன்னு சொன்னா அது ஹீட்டர் ஒழுகறது இல்ல, ஒரு லிட்டர் மண்ணெண்ணெ எரிஞ்சா ஏறக்கொறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும், அதுதான்.

கேள்வி: அண்ணே, கேமரன் மலை தானா ராத்தாவுல எங்க சித்தப்பா வீடு இருக்கு, ராத்திரி செம குளிர். அதுக்காக பழைய ஜப்பான் ஹீட்டர் ஒண்ணு 80 வெள்ளிக்கு வாங்கினேன். ஸ்டோர்ல மூணு வருஷமா கெடந்த மண்ணெண்ணெய ஊத்தினேன். நெருப்பு ஏற மாட்டேங்குது, வாடை தாங்கல, இப்போ திரி மேலயும் போகல கீழயும் வரல. திரி மாத்தணுமா?
– செந்தூல் வாசகர்

பதில்: தம்பி, திரி மேல குத்தம் இல்ல, மூணு வருஷ எண்ணெ மேலதான் குத்தம்.

ஒரு கண்ணாடி கிளாஸ்ல அந்த எண்ணெயயும் பக்கத்துல இன்னொரு கிளாஸ்ல பச்சத் தண்ணியயும் ஊத்தி வெள்ளப் பேப்பர் முன்னாடி வெச்சு பாருங்க. ஹீட்டருக்கு ஆகற மண்ணெண்ணெ தண்ணி மாதிரி நெறமே இல்லாம இருக்கும். உங்களது மஞ்சளா, கொஞ்சம் புளிச்ச வாடையோட இருக்கும்னு நான் இங்கேருந்தே சொல்றேன். வெயிலும் காத்தும் பட்டு எண்ணெ கெட்டுப் போச்சுன்னா அது ஆவியாகும்போது முழுசா ஆவியாகாது, பாகு மாதிரி ஒரு மிச்சம் திரி நுனில ஒட்டிக்கும். கருப்பட்டிப் பாகு கரண்டில காஞ்சு போயிட்டா எப்படி புடிச்சுக்குது, அந்த மாதிரி திரி குழாயோட ஒட்டிக்கிச்சு.

இதுல ஆபத்து என்னன்னா, ஹீட்டர் சாஞ்சாலோ ஆடினாலோ உள்ள தொங்கற ஒரு எடைக்கல்லு தட்டி விட்டு ஸ்பிரிங் திரிய சடார்னு கீழ இழுத்து அணைக்கும். ஒட்டிக்கிட்ட திரி கீழ வராது. அதாவது உங்க ஹீட்டருக்கு இப்போ பிரேக் இல்ல. சரி பண்ற வரைக்கும் பத்த வைக்காதீங்க, சித்தப்பாவுக்கு கம்பளி போதும்.

எல்லா எண்ணெயயும் வெளிய எடுங்க, டேங்க்ல இருக்கறது மட்டும் இல்ல, அடித் தொட்டில நிக்கறதையும் பெரிய சிரிஞ்சு வெச்சு உறிஞ்சி எடுங்க. எடுக்கும்போது அடியில கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டு ஓடற துளி தெரிஞ்சா அது தண்ணி. பாதி காலியா இருந்த கேன்ல பகல் சூடு, ராத்திரி குளிர்னு மாறி மாறி வந்ததுல காத்துல இருந்த ஈரம் உள்ளயே வேர்த்துடும், நம்ம ஊர் ஈரத்துக்கு கேக்கணுமா. தண்ணி மண்ணெண்ணெய விட கனம், அடியில போய் ஒக்காந்துக்கும், திரியோட கால் நிக்கறதும் அங்கதான். திரி மொதல்ல தண்ணிய குடிச்சுட்டா அப்புறம் எண்ணெய ஏத்தாது, நெருப்பு கம்மியா பொரிஞ்சு பொரிஞ்சு எரியும்.

அப்புறம் திரிய பாருங்க. நெறைய ஹீட்டர்ல மேல் பாதி கண்ணாடி நாரு, கீழ் பாதி பருத்தி. மேல கண்ணாடி நாரா இருந்தா, திரி சிரமப்பட்டாவது நகர்ந்து கீழ எறங்குதுன்னா, நல்ல எண்ணெ கொஞ்சமா ஊத்தி வீட்டுக்கு வெளிய வெச்சு டேங்க் காலியாகி தானா அணையற வரைக்கும் எரிய விடுங்க, அந்த பாகு எரிஞ்சு சாம்பலாயிடும், பல் தேய்க்கற பழைய பிரஷால தட்டி விட்டுடலாம். முழுக்க பருத்தித் திரின்னா இத செய்யவே கூடாது, திரியே போயிடும். நகரவே இல்லன்னா புதுத் திரிதான், அந்த மாடல் நம்பர் பாத்து வாங்குங்க, கண்ண மூடிக்கிட்டு அளவு சரியா இருக்கும்னு வாங்கிடாதீங்க, ரெண்டு மில்லி தடிப்பு கூடினாலும் மறுபடி இதே கததான்.

எண்ணெ வாங்கும்போது கந்தகம் கம்மியான ரகமான்னு கேளுங்க. ஜப்பான்ல ஹீட்டர் மண்ணெண்ணெய்க்கு கந்தகம் 0.008 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, அமெரிக்காவுல ஒன்-கே (1-K) அப்படின்னு சொல்ற ரகத்துல 0.04 வரைக்கும் விடுவாங்க. கந்தகம் கூடினா கண்ணு எரியும், வாடை வரும், திரியும் சீக்கிரம் கருகும்.

கேள்வி: எங்க பாட்டி தோட்டத்துல இருந்தப்போ வெச்சிருந்த பித்தள பம்ப் அடுப்பு இன்னும் வீட்ல இருக்கு. அதுவும் மண்ணெண்ணெ, ஹீட்டரும் மண்ணெண்ணெ. அதுக்கு மட்டும் ஏன் பம்ப் அடிக்கணும்?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி

பதில்: ஹீட்டர்ல காத்து எண்ணெய புடிச்சு நிறுத்துது, பம்ப் அடுப்புல காத்து எண்ணெய தள்ளுது. அதான் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மொத்த வித்தியாசமும். பாட்டி பம்ப் அடிச்சு டேங்க்ல காத்த அமுக்குவாங்க, அது எண்ணெய ஒரு குழா வழியா பர்னருக்கு ஏத்தும், பர்னர் சூடா இருக்கறதால எண்ணெ அங்கயே ஆவியாகி, ஊசி நுழையற அளவு துவாரத்துல சீறிக்கிட்டு வரும். பர்னர் மொதல்ல சூடாகணும்னுதான் கிண்ணில ஸ்பிரிட் ஊத்தி பத்த வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க, அவசரப்பட்டு முன்னாடியே பம்ப் அடிச்சா ஆவிக்கு பதிலா எண்ணெயே பீச்சி மஞ்ச நெருப்பு கூரையத் தொடும். எங்க கடைக்கு வர்ற அடுப்புல பாதி, புருவம் பொசுங்கின ஒருத்தரோடதான் வரும். இந்த வகை அடுப்ப சுவீடன்ல 1892ல லிண்ட்குவிஸ்ட்னு ஒருத்தர் கொண்டு வந்தார், பிரைமஸ்ங்கற பேர்ல உலகம் பூரா போச்சு. பாட்டி அடுப்பு சத்தம் போடும், ஹீட்டர் சத்தம் போடாது, காரணம் இப்போ புரிஞ்சிருக்கும். வாஷர் தோல் காஞ்சிருக்கும், ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெ விட்டா பம்ப் மறுபடி புடிக்கும். பித்தளைய புளி போட்டு தேய்ங்க, விக்காதீங்க.

கேள்வி: மண்ணெண்ணெ கெடைக்கலன்னா கொஞ்சம் பெட்ரோல் கலந்துக்கலாமான்னு என் நண்பன் கேக்கறான்.
– ஜெலுத்தோங் வாசகர்

பதில்: கூடாது. நண்பன்கிட்ட இத அப்படியே வாசிச்சு காட்டுங்க. மண்ணெண்ணெய்லேருந்து பத்திக்கற அளவுக்கு ஆவி வரணும்னா 38, 40 டிகிரி சூடாவது வேணும், பெட்ரோல் மைனஸ் 40லயே பத்திக்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கத. தெரியாதது இன்னொண்ணு: கவுத்து வெச்ச டேங்க்ல எண்ணெய நிறுத்தி வெச்சிருக்கறது மேல இருக்கற காத்தோட அமுக்கம் கொறைவா இருக்கறதுதான். பெட்ரோல் உள்ள இருந்தா அது அந்த எடத்துல சும்மா இருக்காது, ஆவியாகி ரொப்பி கீழ அமுக்கும். சிரப் பாட்டில்ல மேலேருந்து ஊதின மாதிரி. தொட்டி வழியும், அந்த வழியற எண்ணெ பத்திக்கும், திரிய எறக்கினாலும் அணையாது. கேன்ல இருக்கறது எதுன்னு சந்தேகம் வந்தா நெருப்பு இல்லாத எடத்துல விரல் நுனில ஒரு சொட்டு தொட்டு ஊதுங்க, சில்லுனு காஞ்சிட்டா பெட்ரோல், பிசுபிசுன்னு நின்னா மண்ணெண்ணெ.

நம்ம ஊர் மதிய வெயில்ல கார் பூட்ல கெடக்கற கேன் 40 டிகிரிய சாதாரணமா தாண்டும், அப்போ மண்ணெண்ணெயும் அவ்வளவு சாது இல்ல.

கேள்வி: ஏப்ரல்ல ஓசாக்காவுக்கு படிக்கப் போறேன். சீனியர் ரூம்ல இருக்கற ஹீட்டர் பிளக்ல சொருகறது, டக் டக்னு சத்தம் கேக்குது. அதுவும் மண்ணெண்ணெதானாம். கேன் வாங்கும்போது என்ன கலர் வாங்கணும்?
– பாயான் லெப்பாஸ் மாணவி

பதில்: அது ஃபேன் ஹீட்டர் மா. டேங்க் அதே மாதிரி கவுத்துதான் உக்காரும், அடித் தொட்டியும் உண்டு, திரி மட்டும் கெடையாது. காந்தத்துல ஓடற குட்டி பம்ப் ஒண்ணு தொட்டிலேருந்து எண்ணெய சொட்டு சொட்டா எடுத்து, கரண்ட்ல சூடாகற ஒரு அறைக்கு அனுப்பும், அங்க ஆவியாகி எரியும். டக் டக் அந்த பம்ப்தான், சூடு கூட்டி வெச்சா வேகமா தட்டும். கரண்ட் போனா நின்னுடும். பிளக்ல சொருகறதுன்னு நெனச்சு ஜன்னல தொறக்காம விட்டுடாதீங்க, அந்த அம்மாவுக்கு சொன்னது உங்களுக்கும்தான்.

கேன் 18 லிட்டர்ல வரும். ஓசாக்கா பக்கம் நீலம், தோக்கியோ பக்கம் செவப்பு, ரெண்டுமே மண்ணெண்ணெதான். ஆனா அங்கேருந்து மேல்படிப்புக்கு அமெரிக்கா போனீங்கன்னா மண்ணெண்ணெ கேன் நீலம்தான், செவப்பு கேன்ல இருக்கறது பெட்ரோல்.